கலப்பையில அடிச்ச கூழாங்கல்லு: எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறாங்க?

கேள்வி:
ஸ்காட்லாந்து, அயர்லாந்து பக்கம் உழுத வயல்ல கிடைக்கிற சின்னக் கூழாங்கல்லு சிலது இடைக்காலத்துக் கலப்பையில பதிச்சிருந்ததுன்னு படிச்சேன். வயல் பூரா கல்லுதானே கிடக்கும், அதுல இது மட்டும் கலப்பைக் கல்லுன்னு எப்படி சொல்றாங்க? இரும்புக் கொழு இருக்கும்போது கல்லு எதுக்கு?

பதில் 1:
கொழு முனையில மட்டும்தாங்க. பின்னாடி வர்ற மர அடிப்பாகம், பக்கப் பலகை எல்லாம் மண்ணுல உரசிக்கிட்டே போகும், சரளை மண்ணா இருந்தா மரம் சீக்கிரமே தேஞ்சுரும், அதனால அதுல துளை போட்டு குவார்ட்ஸ் மாதிரி கெட்டியான கல்லா பாத்து அடிச்சு இறுக்கிட்டாங்க. மாட்டுக்கு லாடம் அடிக்கிற மாதிரிதான்.
அடையாளம் அந்தத் தேய்மானத்துலயே இருக்கு. ஆத்துல உருண்ட கல்லு சுத்தியும் வழவழன்னு இருக்கும். இதுல மண்ணுல உரசுன முகம் மட்டும் லேசா வளைஞ்சு பளபளன்னு, ஒரே திசையில மெல்லிசா கீறல் கீறலா இருக்கும், மரத்துக்குள்ள இருந்த பக்கம் அப்படியே கரடுமுரடா இருக்கும்.

பதில் 2:
ஊகம் மட்டும் இல்ல, டென்மார்க்குல டோமர்பி கலப்பைன்னு ஒண்ணு மரத்துல கல்லு பதிச்சபடியே கிடைச்சிருக்கு. அயர்லாந்துல சிஸ்டர்சியன்ங்கிற கிறிஸ்தவத் துறவிகளோட மடத்து நிலங்களோட இதைச் சேத்துப் பேசுறாங்க. உழுத மண்ணுல மேலாப்புல கிடைக்கிற கல்லுக்கு காலம் சொல்றது ரொம்ப கஷ்டம், அதனாலதான் ஸ்காட்லாந்துல விட்ஹோர்ன்ல அகழாய்வு அடுக்குக்குள்ளயே கிடைச்சது எனக்குப் பெரிய விஷயமா படுது.

கேட்டவர்:
நன்றிங்க. அப்போ ஆர்க்னி, ஷெட்லாண்ட் தீவுல கிடைக்கிற நீளக் கல்லும் இதேதானா?

பதில் 1:
இல்லங்க, அது வேற. அங்க கல்லையே நீளமா செதுக்கி உழுமுனையாவே வச்சிருக்காங்க, வெண்கலக் காலத்துலயே இருந்த பழக்கம், முனைதான் தேஞ்சிருக்கும். கூழாங்கல்லு உழறதுக்கு இல்ல, மரத்தைக் காப்பாத்த.

பதில் 3:
ஒண்ணு சொல்லிக்கிறேன், ஸ்காட்லாந்துல நடக்குறப்போ இப்படி ஒண்ணு கண்ணுல பட்டா தயவுசெஞ்சு கழுவி அலமாரியில வச்சுராதீங்க. எந்த வயல், எந்த மூலைன்னு குறிச்சுட்டு, கிடைக்கிற தொல்பொருளை அங்க கவனிக்கிற ட்ரெஷர் ட்ரோவ் பிரிவுக்கு சொல்லுங்க, அங்க தொல்பொருள் கிடைச்சா சொல்லியே ஆகணும்னு சட்டமே இருக்கு. மரமும் மக்கிப்போச்சு, இரும்பும் துருப்பிடிச்சுப் போச்சு, பல வயல்ல அந்தக் காலத்துக் கலப்பைக்குன்னு மிஞ்சுறது இந்தக் கல்லுதான், எடுத்த இடம் தெரியலன்னா அதுவும் வெறும் கல்லாயிரும்.