தோட்டத்துச் சொந்தங்கள் குழு: மாமா லேப்டாப் விவகாரம்

2025 நவம்பர் 19, புதன்

பெருந்துறை மாமா (மாலை 6.42): மாப்பிள்ளை, கோயமுத்தூரில்தானே இருக்கிறாய்? லேப்டாப் பெரிய ரோதனையாக இருக்கிறது. ஒரு அறிவிப்பு அப்டேட் செய் என்கிறது. இன்னொன்று இனிமேல் அப்டேட்டே கிடையாது என்கிறது. மூன்றாவது, வைரஸ் புகுந்துவிட்டது என்று மூலையில் நின்று கத்துகிறது. நாளைக்கு 20ஆம் தேதி, ஜிஎஸ்டி மாதக் கணக்கு 3பி தாக்கல் செய்ய வேண்டும்.

கோபி சித்தி (6.50): ↪ பலமுறை பகிரப்பட்டது: விண்டோஸ் 10 இன்று நள்ளிரவோடு நின்றுவிடும்!! எல்லோருக்கும் அனுப்பவும்!!

பெருந்துறை மாமா (6.51): ஐயோ.

நான் (6.55): சித்தி, அதை அழித்துவிடுங்கள். போன மாதம் 14ஆம் தேதியோடு நின்றது விண்டோஸ் 10க்கு வந்துகொண்டிருந்த இலவச அப்டேட்தான். கம்ப்யூட்டர் எப்போதும்போல ஓடும். மாமா, ஸ்கிரீனைப் படம் எடுத்து அனுப்புங்கள். எதையும் அழுத்த வேண்டாம்.

பெருந்துறை மாமா (7.03): 📷

திருப்பூர் அண்ணன் (7.04): இதில் உங்கள் கட்டைவிரல் நன்றாக விழுந்திருக்கிறது மாமா.

பெருந்துறை மாமா (7.06): 📷

நான் (7.12): சரி, புரிந்தது. பவர் பொத்தான் மேல் ஆரஞ்சுப் புள்ளி இருக்கிறதே, அது அசல் அப்டேட். அக்டோபரில் வந்தது. அப்போதிருந்து 'பிறகு' என்றே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

அத்தை (7.13): மோட்டார் ரூம் ஓட்டை மாற்றுவதும் அக்டோபரிலிருந்து 'பிறகு'தான் கண்ணு.

நான் (7.15): 😂 ஆதரவு முடிந்தது என்பதும் உண்மைதான். மூலையில் கத்துவதுதான் போலி. அதன் அடியில் பொடி எழுத்தில் குரோம் என்றும் ஒரு தளத்தின் பெயரும் இருக்கிறது பாருங்கள். விண்டோஸ் அனுப்புவதில் அப்படி இருக்காது. ஏதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்ப 'அலௌ' கேட்டிருக்கும், நீங்கள் கொடுத்திருப்பீர்கள்.

பெருந்துறை மாமா (7.17): கொப்பரை விலை பார்த்தபோது ஒன்று கேட்டது. கொடுத்தால்தான் விலையைக் காட்டுமாக்கும் என்று நினைத்தேன்.

நான் (7.20): குரோமில் மேலே வலது பக்கம் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அங்கே தெரியாத பெயர் எது இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

பெருந்துறை மாமா (7.41): பதினொன்று இருந்தது. எல்லாவற்றையும் எடுத்தாயிற்று. சத்தமே இல்லை!

அத்தை (7.43): உங்கள் மாமன் ஒன்றை மறைக்கிறார் கண்ணு. அந்த வைரஸ் கட்டத்தில் ஒரு நம்பர் இருந்தது. மத்தியானம் கூப்பிட்டுப் பேசினார்.

நான் (7.43): மாமா!!

பெருந்துறை மாமா (7.46): பேசியது எங்கே? அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. ஏதோ ஆப்பை இறக்கச் சொன்னான் போல. அதற்குள் மாடு அவிழ்த்துக்கொண்டது, வைத்துவிட்டேன்.

திருப்பூர் அண்ணன் (7.47): அந்த மாட்டுக்கு நாளைக்கு ஒரு படி பருத்திக்கொட்டை கூடுதலாக வையுங்கள் அத்தை.

நான் (7.50): எதையும் இறக்கவில்லையே? ஓடிபி சொல்லவில்லையே? அசல் விண்டோஸ் எச்சரிக்கையில் ஃபோன் நம்பரே வராது மாமா. பணம் எதுவும் போயிருந்தால் உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930க்குக் கூப்பிட வேண்டும்.

பெருந்துறை மாமா (7.52): ஒன்றும் இல்லை, பாஸ்புக் ஆப்பிலும் பார்த்துவிட்டேன். இப்போது அப்டேட்டைப் போடட்டுமா?

நான் (7.53): முதலில் 3பி. அது முடிந்ததும் சார்ஜரை மாட்டிவிட்டு ரீஸ்டார்ட்.

அத்தை (7.54): நாளைக்குக் காலை 9 மணிக்கு மேல் கரண்ட் இருக்காது. மாதாந்திரப் பராமரிப்பு.

நான் (7.55): அப்படியென்றால் இரவே முடித்துவிடுங்கள். பாதியில் பேட்டரி தீர்ந்தால் தொல்லை.

கோபி சித்தி (8.02): விண்டோஸ் 11 போட்டுவிட்டால் தீர்ந்ததே, அண்ணா?

நான் (8.06): ஜிஎஸ்டி வந்த 2017இல் வாங்கியது சித்தி, உள்ளே ஏழாம் தலைமுறை இன்டெல். 11க்கு எட்டாம் தலைமுறையாவது வேண்டும், ஒன்றிரண்டுதான் விதிவிலக்கு. ஆனால் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'என்ரோல்' என்று வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்யச் சம்மதித்தால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் காசில்லாமல் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்து நானே செய்து தருகிறேன்.

அத்தை (8.07): வா சாமி, சந்தகை பிழிகிறேன்.

பெருந்துறை மாமா (இரவு 10.48): 3பி போயிற்று. தாக்கல் ஆனதற்கு அத்தாட்சியான ஏஆர்என் நம்பரும் வந்துவிட்டது. அப்டேட் 34 சதவீதம். அரை மணி நேரமாக அதே 34.

நான் (10.49): அப்படித்தான் நிற்கும். அணைத்துவிடாதீர்கள், தூங்குங்கள்.

நவம்பர் 20, வியாழன்

பெருந்துறை மாமா (காலை 6.10): மாப்பிள்ளை, அப்டேட் ஆகிவிட்டது. ஆனால் திரை முழுக்க நீலமாக ஒன்று வந்து, சாதனத்தை அமைத்து முடிக்கலாமா என்கிறது. இது யார்?

நான் (6.31): இதுவும் அசல்தான் மாமா. இப்போது வேண்டாம். கீழே 'மூன்று நாள் கழித்து நினைவூட்டு' என்று இருக்கும், அதை அழுத்துங்கள்.

அத்தை (6.32): அதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை கண்ணு.