லைஃப் ஆஃப் பை: கடைசியில் நீங்கள் எந்தக் கதையை நம்பினீர்கள்?

கடலூர்க்காரி:

யான் மார்ட்டெலின் ‘லைஃப் ஆஃப் பை’ நாவலை இரண்டாவது தடவை படித்து முடித்து நான்கு நாளாகிறது. வேறு எதையும் எடுத்துப் படிக்க மனசு வரவில்லை. (முடிவைச் சொல்லப்போகிறேன், படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.)

பை என்ற புதுச்சேரிப் பையன், 16 வயது. 1977 ஜூலை 2 அன்று கப்பல் மூழ்குகிறது. உயிர்காப்புப் படகில் ஒரு வங்கப் புலியோடு 227 நாள். சைவமாகவே வளர்ந்தவன் முதல் மீனைக் கொன்றுவிட்டு அழும் இடத்தில், முதல் தடவை படித்தபோது நானும் அழுதேன்.

இந்தத் தடவை என்னைப் பிடித்துக்கொண்டது கடைசிப் பகுதி. மெக்சிகோ மருத்துவமனையில் அவனை விசாரிக்க இரண்டு ஜப்பானிய அதிகாரிகள் வருகிறார்கள். புலிக் கதையை அவர்கள் நம்பவில்லை. சரி என்று இன்னொரு கதை சொல்கிறான். அதில் விலங்குகளே இல்லை. அவன் அம்மா, கப்பல் சமையல்காரன், கால் முறிந்த ஒரு மாலுமி. சமையல்காரன் அம்மாவைக் கொல்கிறான், பை அவனைக் கொல்கிறான். இரண்டில் எது நல்ல கதை என்று அவர்களையே கேட்கிறான்.

எனக்கு உடனே சித்தப்பா நினைவு வந்தது. 2004 சுனாமியின்போது அவர் தேவனாம்பட்டினத்தில் இருந்தார். ஒரு எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு கரையேறியதாகச் சொல்வார். “எமனோட வாகனமே என்னைக் கொண்டுவந்து இறக்கி விட்டுடுச்சு” என்பார். அந்தக் கதையில் ஆயா (என் பாட்டி) வரவே மாட்டார். அப்பா ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார்: தண்ணீர் வந்தபோது ஆயாவின் கை சித்தப்பாவின் கையில்தான் இருந்ததாம்.

கல்லூரியில் படிக்கும்போது இதைச் சித்தப்பாவிடமே கேட்டுவிட்டேன். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார்.

நீங்கள் எந்தக் கதையை நம்பினீர்கள்? இரண்டாவது கதை தெரிந்த பிறகும் புலியை நம்ப முடிகிறதா?

விசைப்படகு:

முடிகிறது சகோதரி. இன்ஜின் பழுதாகி நாங்கள் நான்கு பேர் ஐந்து நாள் மிதந்திருக்கிறோம். பசியைத் தாங்கிவிடலாம், தாகத்தை முடியாது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அந்த உப்பை வெளியேற்ற, குடித்ததைவிட அதிகத் தண்ணீர் உடம்பிலிருந்து போய்விடும். தார்ப்பாயில் பிடித்த மழைத்தண்ணீர்தான் எங்களைக் காப்பாற்றியது.

எங்கள் டிரைவர் அண்ணன் நல்ல வலையைப் பிரிக்கச் சொல்வார், மறுபடி கட்டச் சொல்வார். எதற்கு என்று அப்போது புரியவில்லை, கோபம்தான் வந்தது. நாவலில் புலிக்கு மீன் பிடிக்க வேண்டும், தண்ணீர் வைக்க வேண்டும், அதைப் பயத்தில் வைத்திருக்க வேண்டும். பைக்கு ஓயாமல் வேலை. அந்தப் பக்கங்களைப் படித்தபோதுதான் அண்ணன் செய்தது எனக்கு விளங்கியது. புலி இல்லாமல் அவன் 227 நாள் தாங்கியிருக்க மாட்டான்.

பழைய புத்தகம்:

புலியின் பெயரைக் கவனித்தீர்களா? ரிச்சர்ட் பார்க்கர். 1884இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போன ‘மிக்னொனெட்’ என்ற பாய்மரப் படகு மூழ்கியது. சிறு படகில் தப்பிய நான்கு பேரிடம் இருந்தது இரண்டு டின் டர்னிப் கிழங்கு. கடல்நீரைக் குடித்து நோயில் கிடந்த 17 வயதுப் பையனைக் கொன்று மற்றவர்கள் தின்றார்கள். அந்தப் பையனின் பெயர் ரிச்சர்ட் பார்க்கர். கேப்டன் டட்லிக்கும் துணைவர் ஸ்டீபன்ஸுக்கும் மரண தண்டனை விதித்து, பிறகு ஆறு மாதச் சிறையாகக் குறைத்தார்கள்.

அதற்கும் முன்பே, 1838இல் எட்கர் ஆலன் போ எழுதிய கடல் நாவலிலும் அதே பெயருள்ளவன் அப்படியே சாகிறான். மார்ட்டெல் தெரிந்தேதான் இந்தப் பெயரை வைத்தார். இரண்டாவது கதை புலியின் பெயரிலேயே முதலிலிருந்து இருக்கிறது. அதனால் எனக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை. உங்கள் சித்தப்பாவின் எருமையையும் அப்படித்தான் பார்க்கிறேன்.

கடலூர்க்காரி:

இருவருக்கும் நன்றி. பெயர் விஷயம் எனக்குத் தெரியாது. படித்ததும் உடம்பு சிலிர்த்தது.

நேற்று சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். அந்த எருமை எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், அதற்கு ஒரு கொம்பு உடைந்திருந்தது என்றார். கழுத்தில் அறுந்த கயிறு கிடந்ததாம். கரையேறியதும் தெற்குப் பக்கமாக நடந்ததாம், இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லையாம். இதையெல்லாம் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லியிருக்கிறார்.