பிளாங்கிலும் 1380 கோடு வருகிறது: திராம் செர்ஸ் அளவீட்டில் எங்கே தவறு?

கூழ்மம்22 (கேள்வி)
வணக்கம். ஆப்பிள் தோலில் தங்கும் திராம் பூஞ்சைக்கொல்லியை செர்ஸ் முறையில் (வெள்ளித் துகளில் ஒட்டிய மூலக்கூறின் ராமன் ஒளிச்சிதறல் பல மடங்கு வலுப்பதைப் பயன்படுத்தும் முறை) அளக்கப் பார்க்கிறேன். வெள்ளிக் கூழ்மம் (நீரில் மிதக்கும் நுண்ணிய வெள்ளித் துகள்கள்) லீ–மைசல் முறைதான்: 500 மி.லி. நீரில் 90 மி.கி. சில்வர் நைட்ரேட், கொதி வந்ததும் 1% சிட்ரேட் 10 மி.லி., பிறகு ஒரு மணி நேரக் கொதி. கூழ்மத்தையும் திராம் கரைசலையும் சரிபாதியாகக் கலந்து, கண்ணாடி ஸ்லைடில் 5 மைக்ரோலிட்டர் சொட்டு வைத்து உலர்த்துகிறேன். 785 நானோமீட்டர் லேசர், 50எக்ஸ் லென்ஸ், 20 மில்லிவாட். 10⁻⁶ மோலாரில் திராமின் 1380 செ.மீ⁻¹ கோடு அருமையாக வருகிறது. 10⁻⁸, 10⁻⁹ இரண்டிலும் அங்கே ஏதோ நிற்கிறது, உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். பிளாங்கிலும் (திராம் சேர்க்காத வெற்று மாதிரி) சில சமயம் தலைகாட்டுகிறது. கண்டறியும் எல்லை 10⁻⁹ என்று எழுதலாமா?

நிறமாலைப்பித்தன்
தயவுசெய்து எழுதாதீர்கள். செறிவு பத்தில் ஒன்றாகக் குறைந்தும் உயரம் அசையவில்லை என்றால், நீங்கள் அளப்பது திராமை அல்ல.

முதலில் ஸ்லைடைப் பாருங்கள். சாதாரணக் கண்ணாடி 785 லேசருக்கு ஒளிர்கிறது. அந்த ஒளிர்வு ஓர் அகன்ற மேடாக 1400-ஐ ஒட்டி, அதாவது திராமின் முக்கியக் கோட்டின் அடியிலேயே வந்து உட்காரும். சொட்டே வைக்காத வெறும் ஸ்லைடை ஒருமுறை எடுத்தால் தெரிந்துவிடும். சமையலறை அலுமினியம் ஃபாயிலை எத்தனாலால் துடைத்து ஸ்லைடின் மேல் ஒட்டிக்கொள்ளுங்கள், அதுவே போதும்.

அடுத்தது லேசர். உலர்ந்த வெள்ளியின் மேல் ஒரு மைக்ரான் அளவுப் புள்ளியில் 20 மில்லிவாட் மிக அதிகம். சிட்ரேட்டும் மாதிரியும் கருகி, 1350, 1580 அருகே இரண்டு அகன்ற கார்பன் பட்டைகள் வரும். ஒரே இடத்தில் ஒரு விநாடி வீதம் 20 முறை எடுத்துப் பாருங்கள். பட்டைகள் துள்ளித் துள்ளி வளர்ந்தால் கருகுகிறது என்று பொருள். 0.5 மில்லிவாட்டுக்கு இறங்குங்கள்.

வெள்ளித்துகள்
உலர்த்துவதையே விட்டுவிடலாம் என்பேன். சொட்டு காயும்போது துகள்கள் விளிம்பில் வளையமாகக் குவியும், இடத்துக்கு இடம் சிக்னல் பல மடங்கு மாறும். திரவத்திலேயே எடுங்கள்: கூழ்மம் 500 மைக்ரோலிட்டர், மாதிரி 50, கடைசியாக 0.3 மோலார் உப்புக் கரைசல் 50. இறுதி உப்புச் செறிவு 25 மில்லிமோலார் வரும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். உப்பை முன்னால் ஊற்றினால், திராம் வந்து சேர்வதற்குள் துகள்கள் திரண்டு முடிந்துவிடும். சிக்னல் வலுக்கும் துகளிடுக்குகளில் மூலக்கூறு போய் அமர வழி இருக்காது. மஞ்சள் கலந்த சாம்பல் நிறம் கருத்து வரும். விட்டுவைத்தால் அடியில் கறுப்பாகப் படிந்து மேலே நீர் தெளிந்துவிடும். உப்பு சேர்த்துச் சரியாக 2 நிமிடத்தில் அளப்பது என்று வைத்துக்கொண்டு அதிலிருந்து மாறாதீர்கள்.

இந்தக் கலவையில் மாதிரி 12 மடங்கு நீர்க்கிறது. 10⁻⁶ ஊற்றினால் உள்ளே இருப்பது 83 நானோமோலார். எந்தச் செறிவைச் சொல்கிறீர்கள் என்று அறிக்கையில் தெளிவாக எழுதுங்கள், பலர் இதைக் குழப்பிவிடுகிறார்கள்.

கூழ்மம்22
மிக்க நன்றி. ஃபாயில், 0.5 மில்லிவாட், திரவம் என எல்லாம் மாற்றிவிட்டேன். மேடும் கார்பனும் போய்விட்டன. ஆனால் பிளாங்கில் ஒல்லியான 1380 கோடு இன்னும் நிற்கிறது, கூடவே 560-உம். எல்லாப் பிளாங்கிலும் இல்லை, நான்கில் ஒன்றில்.

நிறமாலைப்பித்தன்
560-உம் சேர்ந்து வந்தால் அது உண்மையான திராம், அல்லது அதன் நெருங்கிய உறவு. கையுறை என்ன போடுகிறீர்கள்? ரப்பரை வல்கனைஸ் செய்ய (கந்தகத்தால் உறுதியாக்க) சேர்க்கும் முடுக்கிகளில் திராமும், அதன் உறவான கந்தகச் சேர்மங்களான டைதயோகார்பமேட்டுகளும் உண்டு. லேடெக்ஸ், நைட்ரைல் கையுறை, பாஸ்டர் பைப்பெட்டின் ரப்பர் குமிழ், ஊசிக்குழல் பிஸ்டனின் கறுப்பு ரப்பர், வயல் மூடியின் செப்டம் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. கையுறையில் ஒரு சதுர செ.மீ. வெட்டி 2 மி.லி. எத்தனாலில் பத்து நிமிடம் ஊறவைத்து, அதையே மாதிரியாக ஊற்றிப் பாருங்கள். கோடு வந்தால் பாலிதீன் கையுறைக்கும் ரப்பர் படாத கண்ணாடிக் குப்பிக்கும் மாறிவிடுங்கள்.

வெள்ளித்துகள்
இதோடு ஒன்று. வெள்ளியில் படும்போது திராமின் கந்தக–கந்தகப் பிணைப்பு அறுந்து, இரண்டு பாதிகளும் டைமெத்தில்டைதயோகார்பமேட்டாக ஒட்டிக்கொள்கின்றன. சைரம், ஃபெர்பாம் ஆகிய பூஞ்சைக்கொல்லிகளும் அதே அயனியைத்தான் தருகின்றன, ஆகவே நிறமாலை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஆப்பிளில் கிடைத்ததைத் “திராம்” என்று எழுதாமல் “திராம் வகை டைதயோகார்பமேட்” என்று எழுதுவதே நேர்மை. எல்லையைக் கணக்கிடத் தனித்தனியாகக் கலந்த பத்துப் பிளாங்குகள் வேண்டும். ஒரே பிளாங்கைப் பத்து முறை அளந்தால் இந்தக் கையுறைப் பிரச்சினை கண்ணில் பட்டிருக்காது. தோலின் மெழுகும் சர்க்கரையும் சிக்னலை அமுக்கும் என்பதால், அளவு காண, திராம் படாத ஆப்பிள் தோலின் சாற்றில் தெரிந்த அளவு திராமைச் சேர்த்துத் தரவரை (செறிவுக்கு எதிராகச் சிக்னல் உயரம் காட்டும் வரைபடம்) வரையுங்கள். செறிவு கூடினால் வெள்ளிப் பரப்பு நிறைந்து வரை வளையும், நேர்கோடாக உள்ள கீழ்ப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.