குசினிக்குப் பின்னியவை: திருகோணமலைக் குறோசே அனுபவங்கள்

உப்புவெளி நூற்காரி எழுதியது:

கொக்கி ஊசி ஒன்றால் நூலை வளையம் வளையமாக இழுத்துப் பின்னும் குறோசேயில், பாத்திரம் கழுவும் சதுரத் துணியை இங்குள்ள எல்லோரும் ஒரு தடவையேனும் பின்னியிருப்பீர்கள் என்பதால் அதன் முறையை நான் விளக்கப் போவதில்லை. அகலத்துக்கு வேண்டிய சங்கிலி (ஒன்றுக்குள் ஒன்றாக இழுத்த வளையங்களின் வரிசை), அதன்மேல் வரிசைக்கு வரிசை ஒற்றைக் குறோசே என்ற குட்டைத் தையல், முடிவில் ஆணியில் மாட்ட ஒரு வளையம், அவ்வளவுதான். கரை நேராக வந்த எனது முதல் துணியைத் தைப்பொங்கலன்று பெரியம்மாவிடம் கொடுத்தேன். சித்திரை வருடப்பிறப்புக்கு அவருடைய வீட்டுக்குப் போனபோது அது காட்சி அலுமாரியின் கண்ணாடிக்குள், ஒரு பீங்கான் மானின் காலடியில், நான் மடித்துக் கொடுத்த மடிப்பு மாறாமல் இருந்தது. பெரியம்மாவோ குசினியில் பழைய சாரத்திலிருந்து கிழித்த துண்டொன்றால் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

காரணம் கேட்டேன். “இவ்வளவு பாடுபட்டுப் பின்னினதைச் சட்டி தேய்க்கவோ தந்தனீ, பிள்ளை?” என்றார்.

அலுமாரியைத் திறந்து துணியை எடுத்து, அவர் கண்முன்னேயே நனைத்துப் பிழிந்து, தேயிலைக் கறை படிந்த கோப்பையொன்றைத் தேய்த்துக் காட்டினேன். பின்னலின் மேடுபள்ளம் கறையைச் சுரண்டி எடுப்பதை அவரும் பார்த்தார். மறுப்பேதும் சொல்லாமல் துணியை என்னிடமிருந்து வாங்கிச் சவர்க்காரம் போட்டுத் துவைத்துக் கொடியில் காயப்போட்டார். மாலையில் நான் புறப்படும்போது அது மறுபடியும் மானின் காலடிக்குப் போயிருந்தது. அவர் என் வேலையை மதித்தாரா, மறுத்தாரா என்பது எனக்கு இன்னமும் விளங்கவில்லை. இப்படி ஏதும் உங்களுக்கு நடந்ததுண்டா?

உவர்மலை வாசி எழுதியது:

குசினிக்கென்று பின்னப்பட்ட எல்லாப் பொருள்களும் குசினிக்கு உகந்தவை அல்ல என்பதை நேரில் கண்டவள் என்ற முறையில், உங்கள் பெரியம்மாவின் அலுமாரியை நான் அவ்வளவு குறை சொல்ல மாட்டேன். என் மச்சாளின் வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர், தாம் பின்னிய சூரியகாந்தி வடிவச் சட்டி பிடிக்கும் துணிகள் இரண்டைப் பரிசாகக் கொண்டுவந்திருந்தார். கொடுத்தவர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கையில், மச்சாள் மரியாதைக்காக உடனேயே அவற்றில் ஒன்றைக் கையிலெடுத்து, மிளகாய் பொரித்துக்கொண்டிருந்த இரும்புத் தாச்சியின் காதைப் பிடித்துத் தூக்கினார். பிளாஸ்ரிக் கருகும் மணம் முதலில் வந்தது. தாச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கையை எடுத்தபோது மஞ்சள் இதழொன்று இரும்போடு ஒட்டிக்கொண்டு நூல் நூலாக இழுபட்டது. மச்சாள் நல்ல வேளையாகக் கையைச் சட்டென்று விலக்கியதால் விரல் நுனி சிவந்ததோடு போயிற்று.

என்னை இன்றுவரை உறுத்துவது அதற்குப் பின் அந்த விருந்தாளி கூறிய சொற்கள். “புது நூலென்றால் முதலில் அப்பிடித்தான் இருக்கும்” என்றார் அவர், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

அது அக்கிரிலிக் நூல். பார்வைக்குக் கம்பளி போலிருந்தாலும் பெற்றோலியத்திலிருந்து பெறப்படும் செயற்கை இழை அது. சூடு ஏறினால் இளகி, தொட்டதில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி நூல் மிகுந்த சூட்டில் கருகுமே தவிர உருகாது. சட்டி பிடிப்பதற்குப் பருத்தியே வேண்டும், அதுவும் இரட்டை மடிப்பாக வேண்டும், ஈரமாக இருக்கவே கூடாது. ஈரத் துணி சூட்டை நேராகக் கைக்குக் கடத்திவிடும். அக்கிரிலிக் உருண்டைகளைக் குசினி வேலைக்கென்று வாங்குவதை நாம் எல்லோரும் நிறுத்த வேண்டும்.

நூலும் நிறையும் எழுதியது:

உவர்மலை வாசியின் கடைசி வாக்கியத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அக்கிரிலிக் நீரை உறிஞ்சாது, விரைவில் காயும், பருத்தியைவிடச் சொரசொரப்பாகச் சுரண்டும். ஆகவே பாத்திரம் தேய்க்கும் சிறு வட்டங்களுக்கு அது பொருத்தமானதே. சூட்டுக்கு ஆகாது என்பதற்காகக் குசினிக்கே ஆகாது என்று சொல்வது அளவு மீறிய தீர்ப்பு.

என் அனுபவம் சிறியது. நகரத்துக் கடையொன்றில் நான் சிவப்புப் பருத்தி நூல் வாங்க நின்றபோது, சாயம் போகாது என்று கடைக்காரர் உறுதி கூறினார். அருகில் நின்ற, எனக்கு முன்பின் தெரியாத முதியவர் ஒருவர் நூலின் நுனியைப் பிடித்துத் தம் கைப்போத்தலின் தண்ணீரால் நனைத்து, தமது வெள்ளைக் கைலேஞ்சிக்குள் வைத்து அழுத்தித் திறந்து காட்டினார். கைலேஞ்சி இளஞ்சிவப்பாகியிருந்தது. யாரும் எதுவும் பேசவில்லை. கடைக்காரர் உருண்டையை எடுத்து மேற்தட்டில் வைத்தார்.

புதிதாகப் பழகுவோருக்காகச் சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன். நூல் பருத்திதானா என்ற சந்தேகம் இருந்தால் ஒரு துண்டைக் கத்தரித்து, இடுக்கியால் பிடித்துக் கழுவுதொட்டிக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி எரியும் மணத்தோடு எரிந்து தொட்டால் உதிரும் சாம்பலைத் தரும், அக்கிரிலிக் உருகிக் கறுத்த கெட்டி மணியாகிவிடும். சிவப்பிலும் கருநீலத்திலும் சாயம் அதிகம் போகும் என்பதால் வெள்ளை நூலோடு சேர்க்குமுன் தனியே நனைத்துப் பாருங்கள். உப்போ வினாகிரியோ போட்டு ஊறவைத்தால் பருத்திச் சாயம் நிலைக்கும் என்று பலர் நம்பினாலும், ஆலைச் சாயத்தில் அது பலிப்பதில்லை. பருத்தி முதற் சலவையில் சுருங்கும். ஆகவே வேண்டிய அளவைவிடச் சற்றுப் பெரிதாகப் பின்னுங்கள். நடுத்தரத் தடிப்புள்ள நூலுக்கு 4 அல்லது 5 மில்லிமீற்றர் ஊசி போதும். சட்டி பிடிக்கும் துணிக்கு அதே நூலைச் சிறிய ஊசியால் இறுக்கிப் பின்னுங்கள். இடைவெளி தெரிந்தால் சூடு அதன் வழியே வரும். துணி மேலே போகப் போக ஒடுங்கிக்கொண்டு வந்தால், வரிசையின் கடைசித் தையலை விட்டுவிடுகிறீர்கள் என்று பொருள். அடுத்த வரிசைக்குத் திரும்பும்போது போடும் ஒரு சங்கிலி வளையத்தை ஒற்றைக் குறோசேயில் தையலாகக் கணக்கெடுக்காமல், ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். முதல் தையலிலும் கடைசித் தையலிலும் வேறு நிற நூல் துண்டொன்றைச் செருகி அடையாளம் வைத்தால் எண்ணவே தேவையில்லை. மாரி காலத்தில் நமது கடற்காற்றில் ஈரத் துணி எளிதில் பூஞ்சணம் பிடிக்கும்; பருத்தியைக் கொதிநீரில் அவித்தெடுக்கலாம், அக்கிரிலிக்கை அவிக்கக் கூடாது.

கிண்ணியா ராத்தா எழுதியது:

கேட்கப்பட்டது அனுபவம், வந்திருப்பது பாடத்திட்டம். இருந்தாலும் அந்தத் தீப் பரிசோதனையை நான் செய்து பார்ப்பேன், அதை மறுக்கவில்லை.

என் தங்கை றமழானுக்குச் சர்பத் ஜக்கை மூடுவதற்கு மணி கோத்த வட்ட மூடி பின்னத் தொடங்கினாள். வட்டத்தின் கணக்கு உங்களுக்குத் தெரியும்: ஒற்றைக் குறோசேயில் முதற் சுற்றுக்கு 6, அடுத்ததற்கு 12, பிறகு 18, 24 என்று சுற்றுக்கு 6 தையல் கூட்டிக்கொண்டே போனால்தான் வட்டம் தட்டையாகப் படுக்கும். கூட்டுவதைக் குறைத்தால் விளிம்பு உள்ளே வளையும். அதிகமாகக் கூட்டினால் கரை நெளிநெளியாக அலையும். தங்கை சில சுற்றுகளுக்குப் பிறகு கூட்டுவதை நிறுத்திவிட்டு நேராகவே சுற்றிக்கொண்டு போனாள், அது கிண்ணம்போல் குழிந்து வந்தது. பிரிப்பதா விடுவதா என்று நாங்கள் இருவரும் வாதாடிக்கொண்டிருந்தபோது உம்மும்மா அதை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, மடியில் கிடந்த என் மகனின் தலையில் கவிழ்த்தார். அச்சொட்டாகப் பொருந்தியது. அவன் அதைக் கழற்ற மறுத்து, அன்றிரவே தன் வாப்பாவோடு தராவீஹ் தொழுகைக்கு அணிந்துகொண்டு போய்விட்டான். பள்ளிவாசலில் அந்தத் தொப்பியை எங்கே வாங்கினீர்கள் என்று இரண்டு பேர் கேட்டார்களாம்.

தங்கைக்கு அது இன்னமும் ஆறாத கோபம். தன்னுடைய மூடியை எல்லோருமாகச் சேர்ந்து பறித்துவிட்டதாகவே கூறுகிறாள். பிறகு அவள் பின்னிய மூடி மிகவும் தட்டையாகவும் அழகாகவும் அமைந்தது. ஆனால் கச்சான் காற்று வீசும் நாளில் முற்றத்தில் வைத்தபோது மணிகளின் பாரம் போதாமல் சர்பத்துக்குள் விழுந்தது. இப்போது கரையில் பெரிய கண்ணாடி மணிகள் தொங்குகின்றன. நூலும் நிறையும் இதற்கும் ஒரு பந்தி எழுதுவார் என்று எதிர்பார்க்கிறேன்.

டச்பே வாசகன் எழுதியது:

ஆண்களும் எழுதலாம் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். வெங்காயமும் உள்ளியும் தொங்கவிடும் வலைப்பையைச் சங்கிலி வளையங்களால் பின்னுவது எளிது. சதுரத் துணிக்குப் பிறகு நான் தொடங்கியது அதுதான். ஒரு மாலை டச்பே கடற்கரையில், வள்ளத்தின் நிழலில் வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த கடற்றொழிலாளி ஒருவரின் அருகே அமர்ந்து பின்னிக்கொண்டிருந்தேன். அவர் நெடுநேரம் என் கையைப் பார்த்திருந்துவிட்டு, பையைக் காட்டுமாறு கேட்டார். நான் ஊசியைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் பையின் அடியையும் கண்களின் அளவையும் சோதித்தபின், தொங்கிக்கொண்டிருந்த நூல் நுனியைப் பிடித்து மெதுவாக இழுக்கத் தொடங்கினார். ஒரு வளையம் போயிற்று, அடுத்தது போயிற்று, ஒரு சுற்று முழுவதும் போயிற்று. நான் கையை நீட்டியும் அவர் நிறுத்தவில்லை.

“முடிச்சு இல்லாதது வலையோ, தம்பி?” என்று கேட்டார். பின்னர் தமது வலையில் ஒரு கண்ணைக் கத்தியால் அறுத்து, பக்கத்துக் கண்களை இரு கைகளாலும் இழுத்துக் காட்டினார். அவற்றில் ஒன்றும் அசையவில்லை. மீன்வலையில் ஒவ்வொரு சந்தியும் தனி முடிச்சு. குறோசேயில் ஒவ்வொரு வளையத்தையும் அடுத்த வளையமே பிடித்திருக்கிறது, கடைசி வளையத்தைப் பிடித்திருப்பது ஊசி மட்டுமே.

அவர் கூறியது பாதி உண்மைதான் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். நூலை அறுத்து, கடைசி வளையத்துக்குள் இழுத்து இறுக்கி, வாலைப் பின்னலுக்குள் இருபுறமும் செருகிவிட்டால் பை பிரியாது. நடுவில் ஓர் இழை அறுந்தாலும், இரண்டு நீள ஊசிகளால் பின்னும் ஆடையில் ஓடுவதுபோல் கிழிசல் மேலிருந்து கீழாக ஓடாது. ஆனால் அப்போது என் வாயில் சொல் வரவில்லை. அவர் தம்முடைய நல்ல வலையில் ஒரு கண்ணை எனக்காக அறுத்துவிட்டு, அதைச் செப்பனிட மறுபடியும் குனிந்துகொண்டார். அது பாடமா, நையாண்டியா என்று நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் வேறு வேறு விடை வருகிறது.

நிலாவெளி கைவேலை எழுதியது:

உப்புவெளி நூற்காரிக்கு: பெரியம்மாவுக்கு ஒரு துணி கொடுத்தால் அலுமாரிக்குத்தான் போகும். ஐந்தாறாகக் கட்டிக் கொடுத்துப் பாருங்கள்.

நான் வெளிநாட்டுப் பயணிகள் வரும் காலத்தில் கோப்பைத் தட்டுகளும் பாத்திரத் துணிகளும் விற்பவள். நம் நாட்டவரான ஒரு பெண்மணி, ஒவ்வொரு துணியையும் பின்பக்கம் திருப்பி நூல் வால்களைத் தேடிப் பார்த்துவிட்டு, இதே துணி கொழும்பிலே பாதி விலைக்குக் கிடைக்கும், அங்கே இயந்திரத்தில் செய்கிறார்கள் என்றார். குறோசேயை அப்படியே பின்னும் இயந்திரம் தொழிற்சாலைகளில் பயன்பாட்டில் இல்லை என்றும், இயந்திரத்தில் வருவது தோற்றத்தில் மட்டும் அதை ஒத்த வேறு பின்னல் என்றும் நான் விளக்கினேன். “அப்பிடியெண்டால் அதுவும் ஆரோ கையாலே பின்னினதுதானே?” என்று அவர் கேட்டார். உண்மையான குறோசே என்றால் ஆம் என்றேன். “அப்ப அவைக்கு என்ன குடுத்திருப்பினம்?” என்று தமக்குத்தாமே சொல்வதுபோல் சொல்லிவிட்டு, பேரம் பேசாமல் இரண்டு துணிகளுக்கு முழு விலையையும் கொடுத்துச் சென்றார். விற்ற மகிழ்ச்சியைவிட அந்தக் கேள்விதான் என்னோடு தங்கியிருக்கிறது. அன்றிலிருந்து கடைகளில் மலிவான குறோசேப் பொருளைக் கண்டால் கையில் எடுக்கவே ஒரு தயக்கம் வருகிறது.

நூலும் நிறையும் எழுதியது:

கிண்ணியா ராத்தாவின் எதிர்பார்ப்பை நான் ஏமாற்றப் போவதில்லை: மணிகளைப் பின்னத் தொடங்குமுன்பே நூலில் கோத்து வைத்துக்கொண்டு கடைசிச் சுற்றில் ஒவ்வொன்றாக இறக்குங்கள், பின்னி முடித்தபின் தைத்தவை துவைக்கத் துவைக்கக் கழன்றுவிடும்.

நிலாவெளி கைவேலையின் கேள்வி பழையது. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சக் காலத்தில் அயர்லாந்தின் கன்னியர் மடங்கள் ஏழைப் பெண்களுக்குக் குறோசே லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தன, அந்த வருமானத்தில் பல குடும்பங்கள் பிழைத்தன. அந்த லேஸை அணிந்தவர்களோ வசதி படைத்தவர்கள். உங்கள் விலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். துணியை நிறுத்துப் பார்த்து நூலின் விலையையும், பின்னும் நேரத்துக்கு நீங்கள் விரும்பும் கூலியையும் தனித்தனியே ஒரு சிறு அட்டையில் எழுதித் துணியோடு கட்டிவிடுங்கள். திருப்பித் திருப்பிப் பார்ப்பவர்கள் அதை வாசிப்பார்கள். கூலியைக் குறைத்து எழுதாதீர்கள். நூல் விலையைவிட அது சிறிதாக இருந்தால் அட்டையே வேண்டாம்.