பதில்: வைரவர் கோயில் மாமரம் வெட்டக் காசு சேர்க்கிறது பற்றி

தலைவர் அண்ணைக்கு வணக்கம்.

மரம் பட்டுப்போச்சு, வெட்டிப்போட்டு மண்டபம் கட்டுவம் எண்டு ஆளுக்கு 100 பிரித்தானியப் பவுண் காசு கேட்டிருக்கிறியள். சின்னம்மா ஊரிலயிருந்து அனுப்பின படங்களைப் பெருப்பிச்சுப் பாருங்கோ, மரம் பட்டுப்போகேல்லை. அடியில கொட்டிக் கிடக்கிறது மரத்தூள். தண்டுதுளைப்பான் புழு உள்ளுக்கு இருக்கு. மேல்கொப்பில குருவிச்சை, மரத்தை உறிஞ்சி வளருற புல்லுருவி.

ஓட்டையைத் துப்பரவாக்கி, சைக்கிள் பிரேக் கம்பியின்ர நுனியை வளைச்சு உள்ள விட்டு இழுத்தால் விரல் மொத்தத்தில வெள்ளைப்புழு வரும். பிறகு மண்ணெண்ணெயில நனைச்ச பஞ்சை அடைஞ்சு களிமண் பூசவேணும். இரண்டு கிழமையால திரும்பத் தூள் கொட்டினால் இன்னொரு புழு இருக்கு.

குருவிச்சையைப் பிடுங்கி எறிஞ்சால் திரும்ப முளைக்கும். அது கொப்புக்குள்ள வேரை இறக்கியிருக்கும். ஒட்டின இடத்துக்கு ஒரு அடி உள்ளுக்கு, அடிமரப் பக்கமாக் கொப்போட அரியுங்கோ, அதுவும் குருவிச்சை பழுக்க முந்தி. பழுத்தால் குருவிகள் பிசின் விதையை அடுத்த கொப்பில தேய்ச்சுவிடும். வெட்டுவாய்க்குப் பூஞ்சணம் பிடிக்காமப் பூசுற போர்டோ பசை: மயில்துத்தம் (செப்பு சல்பேற்று) 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம், தண்ணி 1 லீற்றர். தனித்தனியாப் பிளாஸ்ரிக் வாளியில கரைச்சுக் கலக்கவேணும். ஆணியைத் தோய்ச்சுப் பார்க்கச் செம்பு படிஞ்சால் சுண்ணாம்பு காணாது.

பெரிய கேடு அந்தச் சீமெந்துதான். அடிமரத்தோட ஒட்டி ஊத்தினபடியால வேருக்குக் காத்தும் இல்லை, தண்ணியும் இல்லை. கொப்பு விரிஞ்ச எல்லைவரைக்கும் உடைச்சு எடுங்கோ. உணவு எடுக்கிற வேர் கனக்க இருக்கிறது அந்த எல்லைப் பக்கம்தான், எருவும் அங்கதான் தாழ்க்கவேணும். மார்கழியிலயிருந்து பூக்கும்வரை தண்ணி விடவேண்டாம். விட்டால் பூ குறைஞ்சு, தளிர்தான் தள்ளும்.

(ரொறன்ரோ)

—

தம்பி எழுதினது சரி. ஆனால் அந்தச் சீமெந்துக்குக் காசு குடுத்ததும் நாங்கள்தான். எத்தினை பை, கூலி எவ்வளவு எண்ட பற்றுச்சீட்டு இன்னும் வரேல்லை. முதல்ல அது வரட்டும். மண்டபத்துக்கு என்ர பங்கு இல்லை. சீமெந்து உடைக்கிற கூலிக்குத் தாறன்.

(லண்டன்)

—

கணக்கு ஒருபக்கம் இருக்கட்டும் மாமா. திருவிழாத் தோரணத்துக்கும் நிறைகுடத்துக்கும் மாவிலை அந்த மரத்திலதான் ஒடிக்கிறது. கறுத்தக்கொழும்பான் மாமரம் நிக்கிற கோயிலில வேற வீட்டு மாவிலை கேட்டுப் போறதோ?

மரம் தப்பினாலும் இப்பவே அஞ்சு ஒட்டுக்கண்டு கட்டிவைக்கச் சொல்லுங்கோ. அந்த மரத்தின்ர 3, 4 மாசக் கிளையில காம்பை விட்டு இலையை நறுக்கி, 10 நாளால நுனி அரை அடி வெட்டி, பென்சில் மொத்த மாங்கொட்டை நாத்தில ஆப்பு ஒட்டு, அதாவது நுனியை ஆப்பு மாதிரிச் சீவி நாத்துப் பிளவில செருகிக் கட்டுறது. பொலித்தீன் சுத்தி நிழலில வைக்கவேணும். ஒட்டுவாய்க்குக் கீழ முளைக்கிறதை உடனே கிள்ளாட்டி ஒட்டுக் கருகிப்போகும்.

(சிட்னி)