கத்திரி வெயில் மறைத்துவிடும் அறிகுறிகள்

மேற்கு மாம்பலத்திலிருந்து:

தாகம், வியர்வை, அசதி, எரிச்சல். மே மாதச் சென்னையில் இதற்கெல்லாம் எல்லோரும் சொல்வது ஒரே காரணம்தான், வெயில். சர்க்கரையும் தைராய்டும் அதற்குப் பின்னால் வசதியாக ஒளிந்துகொள்கின்றன. என் மாமியாருக்கு எல்லாம் நேர்மாறாக நடந்ததால்தான் எங்களுக்குப் பிடிபட்டது. நாங்கள் புழுங்கிச் சாகும்போது அவர் ஃபேனை நிறுத்தச் சொல்லிப் போர்வையை இழுத்துக்கொண்டார். கீரை ஆயும்போதே தலை சாய்ந்துவிடும். குரல் கரகரத்தது, முகம் உப்பியது, மலச்சிக்கல் வேறு. கேட்டால் "வயசாகுதுல்ல" என்று முடித்துவிடுவார்.

மருத்துவர் அவரை மண்டியிட வைத்து, குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் அசைந்தது, ஆனால் திரும்பி வரும்போது தயங்கித் தயங்கி வந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே அது தெரிந்தது. தைராய்டு குறைந்தால் தசை தளர நேரமாகும் என்றார். ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச், அதாவது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், 60ஐத் தாண்டியிருந்தது. அது 4, 5க்குள் இருக்க வேண்டும். தைராய்டு சுரப்பி சோம்பிக் கிடந்தால், அதை விரட்டுவதற்காக மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி டிஎஸ்ஹெச்சைக் கூட்டிக்கொண்டே போகுமாம். கொலஸ்ட்ராலும் ஏறியிருந்தது. தைராய்டைச் சரிசெய்தாலே அதுவும் இறங்கலாம், முதலில் அதைப் பார்ப்போம் என்றார். பின்னால் இறங்கவும் செய்தது.

ஆனால் தைராய்டு மாத்திரை தொடங்கியபின் செய்த முதல் மறுபரிசோதனையில் டிஎஸ்ஹெச் பெரிதாகக் குறையவில்லை. மருத்துவர் மாத்திரையின் அளவைத் தொடாமல் ஒரு கேள்வி கேட்டார்: "காபி எத்தனை மணிக்கு?" டிகாஷன் இறங்கியதும் முதல் வாய் காபியோடு தைராக்சின் மாத்திரை, கொஞ்ச நேரத்தில் கால்சியம் மாத்திரை. வீட்டுப் பழக்கம் அப்படித்தான் இருந்தது. காபி தைராக்சின் மாத்திரையைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். இப்போது அவர் வாசல் தெளிக்கப் போகும் முன்பே வெறும் தண்ணீரில் மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார். கோலம், குளியல், விளக்கு எல்லாம் முடிந்து காபிக்கு வர எப்படியும் ஒரு மணி நேரமாகிவிடும். அதே அளவு மாத்திரையிலேயே டிஎஸ்ஹெச் வழிக்கு வந்தது. அளவை மாற்றினாலும், சாப்பிடும் முறையை மாற்றினாலும் 6 முதல் 8 வாரம் கழித்துப் பரிசோதித்தால்தான் சரியான கணக்கு தெரியும்.

வியாசர்பாடியிலிருந்து:

எங்கள் அப்பா கதை வேறு. பல வருடச் சர்க்கரை, கிளிமிபிரைடு மாத்திரை. போன கோடையில் சாப்பாடு இறங்கவில்லை என்று ராத்திரி மோர் மட்டும் குடித்துவிட்டுப் படுத்தார். மாத்திரையை மட்டும் விடவில்லை. கரண்ட் வேறு போயிருந்தது. பனியன் தொப்பலாக நனைந்திருந்ததைப் பார்த்து அம்மா விசிறிக்கொண்டே இருந்தார். எனக்குச் சந்தேகம் வந்தது அப்பாவின் பேச்சில்தான். என்னைத் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டார், கை நடுங்கியது. விரலில் குத்திப் பார்த்தால் 48. 70க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. தண்ணீரில் 3 டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்தோம். ஏறியது. அப்புறம் இட்லி. நினைவில்லாமல் கிடப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். 108ஐக் கூப்பிட வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொண்டுவரும் அக்காவிடம் இதைச் சொன்னேன். சாப்பிட முடியாத நாளில் எந்த மாத்திரையை நிறுத்துவது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி அலமாரியில் ஒட்டச் சொன்னார். மெட்ஃபார்மின் என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரை தனியாக இப்படிச் சர்க்கரையைத் தாழ்த்துவது அபூர்வம். கிளிமிபிரைடு கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவழைப்பது, வயிறு காலியா என்று அது பார்க்காது. சர்க்கரை என்றால் ஏறுவது மட்டும்தான் என்று நினைக்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே நிறைய.

வேளச்சேரியிலிருந்து:

என் மகளுக்கு அப்போது 9 வயது. ஃப்ரிட்ஜ் பாட்டிலை வாயிலிருந்து எடுக்கவே மாட்டாள். கரும்புச் சாறு, ஜூஸ் என்று நாங்களும் வாங்கிக் கொடுத்தோம். விட்டுப்போயிருந்த படுக்கை நனைப்பது திரும்பவும் ஆரம்பித்தது. எலும்பு தெரிய இளைத்தாள். வயிற்று வலி, வாந்தி வந்தபோது ஒரு கிளினிக்கில் உடம்புச் சூடு என்று சொல்லி வாந்தி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரி அவளுக்கு மூச்சு வேகவேகமாக வாங்கியது. வாயருகே போனால் அழுகிய பழ வாடை. மருத்துவமனையில் சர்க்கரை 400க்கு மேல், சிறுநீரில் கீட்டோன், இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேர்வது. டைப் 1 சர்க்கரை நோய்.

இனிப்புக் கொடுத்ததால் வந்ததோ என்று என் அம்மா அழுதுகொண்டே இருந்தார். இல்லை, உடம்பின் எதிர்ப்பு சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது, யார் வளர்ப்பிலும் குறையில்லை என்று மருத்துவர் அவரிடம் பொறுமையாகச் சொன்னார். அந்த வார்த்தைக்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். இப்போது இன்சுலின் பேனா அவள் பையில் பென்சில் பாக்ஸ் மாதிரி போய் வருகிறது. 30 டிகிரிக்கு மேல் வைத்தால் மருந்து வீரியம் இழக்கும் என்பதால், கரண்ட் போகும் நாளில் டப்பாவில் மூடி, ஈரமான மண்பானைக்குள் வைக்கிறோம்.

மேற்கு மாம்பலத்திலிருந்து மீண்டும்:

வேளச்சேரி அம்மா எழுதியதைப் படிக்கிறவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். பெரியவர்களுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை 126 அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.5 என்று வந்தால், இன்னொரு முறை பரிசோதித்து உறுதி செய்துகொள்ளலாம், அதற்கு அவகாசம் உண்டு. குழந்தை தாகமும் சிறுநீருமாக இளைத்துக்கொண்டே போனால் காலை வெறும் வயிறு வரை காத்திருக்க வேண்டாம். எந்த நேரமானாலும் விரலில் ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். 200ஐத் தாண்டினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.