கமலா ஹாரிஸ் மாநாட்டு உரை (ஆகஸ்ட் 2024): கேட்டவங்க என்ன நினைக்கிறீங்க?

மயிலை மாமி:
சிகாகோ ஜனநாயகக் கட்சி மாநாட்டுல கமலா அமெரிக்க அதிபர் வேட்பாளரா பேசினதை இங்க காலம்பற எட்டு மணிக்கு லைவா பார்த்தேன். அம்மா ஷியாமளா 19 வயசுல தனியா கலிஃபோர்னியா கிளம்பினதைச் சொன்னப்போ கண்ணு கலங்கிடுத்து. 1958-ல ஒரு பொண்ணு அப்படிப் போறதுன்னா சும்மாவா? அநியாயத்தைப் பத்திப் புலம்பாதே, ஏதாவது பண்ணுன்னு சொல்லி வளர்த்தாளாம்.

டல்லஸ்காரன்:
அம்மா கதை அருமைதான் மாமி. ஓட்டு அம்மாவுக்கு இல்லையே! ஜூலை 21 பைடன் போட்டியில இருந்து விலகினார், ஒரே மாசத்துல இவங்க வேட்பாளர். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சி நடத்துற பிரைமரி தேர்தல் எந்த மாநிலத்துலயும் இவங்க நிக்கல. 'வாய்ப்புப் பொருளாதாரம்'னாங்க, சரி. மளிகை விலை எப்படி இறங்கும்? மூணரை வருஷமா துணை அதிபர் யாரு?

நியூஜெர்சிக்காரி:
ட்ரம்ப் மில்வாக்கியில குடியரசுக் கட்சி மாநாட்டுல 90 நிமிஷத்துக்கு மேல பேசினாரே, அதுல மளிகை விலை இறங்குற வழி எந்த நிமிஷத்துல வந்துச்சு அண்ணா? எனக்குப் பிடிச்சது வாண்டா கதை. மாற்றாந்தகப்பன்கிட்ட பாலியல் கொடுமை பட்ட பள்ளித் தோழி. எங்க வீட்ல வந்து இருன்னு கூட்டிட்டுப் போனாங்க. அரசு வழக்கறிஞர் ஆனதுக்கு அதுவும் ஒரு காரணம்னாங்க. போன தடவை போட்டியிட்டப்போ அந்த வேலைக்காகவே சொந்தக் கட்சி இடதுசாரிங்க 'போலீஸ்'னு கிண்டல் பண்ணாங்க. இப்ப அதையே மேடையில முன்னால வச்சாங்க பாருங்க, அது துணிச்சல்.

ஸ்காபரோ வாசி:
எல்லாரும் தாய்க்கதையிலயும் தோழிக்கதையிலயும் நிக்கிறியள். காசா பற்றிக் கதைச்ச இடத்தைக் கவனிச்சியளோ? இஸ்ரேல் தன்னைக் காக்க எப்பவும் உதவுவன் எண்டவா. அதோட சேர்த்து, காசாவின்ர துயரம் நெஞ்சை உடைக்குது, பலஸ்தீனருக்குச் சுயநிர்ணய உரிமை வேணும் எண்டும் சொன்னவா. சனம் ஆரவாரிச்சுது. ஆயுதம் அனுப்புறதை நிப்பாட்டுறது பற்றி ஒரு சொல் இல்லை. ஒரு பலஸ்தீன அமெரிக்கரையாவது மேடையேத்துங்கோ எண்டு சில பேராளர்கள் மண்டபத்துக்கு வெளியில இரவிரவா இருந்தவை. கடைசிவரை விடேல்லை. 2009-ல எங்களுக்காகக் கவலை தெரிவிச்ச நாடுகளும் கனக்க.

நியூஜெர்சிக்காரி:
உங்க வலி புரியுது அண்ணா. ஆனா மாநாட்டு மேடையில அதுக்கு மேல ஒரு வார்த்தை போனா இழுபறி மாநிலமான பென்சில்வேனியா கைவிட்டுப் போயிடும்.

ஸ்காபரோ வாசி:
அப்ப மிச்சிகன், தங்கச்சி? அதுவும் இழுபறி மாநிலம்தானே. பெப்ரவரி பிரைமரியில ஒரு லட்சத்துக்கு மேல சனம் பைடனுக்குப் போடாமல் 'ஒருத்தருக்கும் இல்லை' எண்டு போட்டது மறந்துபோச்சோ?

டல்லஸ்காரன்:
உலகத்துலயே வலிமையான, எதிரியை ஒழிச்சுக்கட்டுற படை நம்மகிட்ட இருக்கணும்னாங்க. அதுக்கு நான்கூட கைதட்டினேன். எல்லையில குடியேற்றத்தைக் கட்டுப்படுத்துற மசோதாவுல கையெழுத்துப் போடுவேன்னாங்க, அதுக்கும் தட்டினேன். பாதிப் பேச்சு எங்க குடியரசுக் கட்சிப் பேச்சு. அப்ப நான் ஏன் நகலுக்குப் போடணும்? அசலுக்கே போட்டுட்டுப் போறேன்.

நியூஜெர்சிக்காரி:
கருக்கலைப்பு உரிமை பத்தி அவ்வளவு பேசினது எந்தக் கட்சிப் பேச்சு? அந்த நேரம் காபி போடப் போயிட்டீங்களா?

மயிலை மாமி:
சண்டை போடாதேள். அவ தாத்தா ஊர் துளசேந்திரபுரத்துல பேனரே கட்டியாச்சு, அங்க ஒருத்தருக்கும் ஓட்டு கிடையாது. உங்கள்ல யாருக்காவது இருக்கா?

நியூஜெர்சிக்காரி:
கிரீன் கார்டுதான் மாமி.

ஸ்காபரோ வாசி:
நான் கனடா.

டல்லஸ்காரன்:
எனக்கு இருக்கு. என்ன பிரயோஜனம்? 1976-க்கு அப்புறம் எங்க டெக்சாஸ் மாநிலம் ஜனநாயகக் கட்சிப் பக்கம் போனதே இல்ல.